புதிய ஆய்வு முடிவை எங்கே படிப்பது? செய்தி, முன்அச்சு, இதழ்க் கட்டுரை, தொகுப்புக் கட்டுரை: ஓர் ஒப்பீடு

கே2-18பி என்ற கோள் 124 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. அதன் வளிமண்டலத்தில் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயுவின் தடயம் தெரிவதாக 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதனன் குழு அறிவித்தது. பூமியில் இந்த வாயு பெரும்பாலும் கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களிடமிருந்து வருகிறது. அதனால் ‘வேற்றுலகில் உயிர்’ என்று தலைப்புகள் பறந்தன. குழு வெளியிட்ட கட்டுரையைத் திறந்தால் அவ்வளவு சத்தம் இல்லை. உறுதி 3 சிக்மா அளவுதான் (முடிவு தற்செயலாக நேர்ந்திருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதைச் சொல்லும் அளவு இது, கண்டுபிடிப்பு என்று சொல்ல வழக்கமாக 5 வேண்டும்), வாயு டைமெத்தில் சல்ஃபைடாகவோ டைமெத்தில் டைசல்ஃபைடாகவோ இருக்கலாம், இன்னும் பார்க்க வேண்டும் என்று நிதானமாக எழுதியிருந்தார்கள். அடுத்த சில வாரங்களில் வேறு குழுக்கள் அதே ஜேம்ஸ் வெப் தொலைநோக்கித் தரவை எடுத்து வேறு முறையில் அலசின. அந்த வாயு இருக்கிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அவை முன்அச்சுகளில் எழுதின.

கோள் ஒன்றுதான், தரவும் ஒன்றுதான். ஆனால் எங்கே படித்தோம் என்பதைப் பொறுத்து மூன்று வாசகர்கள் மூன்று விதமான அறிவோடு எழுந்துபோயிருப்பார்கள். அறிவியலை நெருக்கமாகப் பின்தொடர நினைக்கும் மாணவருக்கும், வகுப்பில் சொல்லப்போகும் ஆசிரியருக்கும், தன் வேலையில் புதிய பொருள் ஒன்றைப் பயன்படுத்தலாமா என்று யோசிக்கும் பொறியாளருக்கும் இது நிஜமான கேள்வி. வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம்தான் கிடைக்கிறது. அதை எங்கே செலவிடுவது?

இருக்கும் வழிகள் நான்கு. செய்தியும் பத்திரிகைக் குறிப்பும் முதலாவது. மதிப்பாய்வுக்கு முன்பே இணையத்தில் ஏற்றப்படும் முன்அச்சு, அதாவது ப்ரீபிரிண்ட், இரண்டாவது. சக ஆய்வாளர்கள் பார்த்து அனுமதித்தபின் இதழில் வரும் கட்டுரை மூன்றாவது. ஒரு துறையில் வந்த நூற்றுக்கணக்கான கட்டுரைகளை ஒருவரோ ஒரு குழுவோ படித்து எழுதும் தொகுப்புக் கட்டுரை, ரிவ்யூ என்று நாம் சொல்வது, நான்காவது. இவற்றை வேகம், நம்பகம் என்று இரண்டு தட்டில் வைத்து எடைபோடுவதுதான் வழக்கம். எனக்கு அது போதவில்லை. ஒவ்வொரு வழியிலும் ஒரு தவறு புகுந்தால் அதை யார் கண்டுபிடிப்பார்கள், கண்டுபிடிக்க எவ்வளவு நாள் ஆகும் என்று பார்ப்பதுதான் பயனுள்ள ஒப்பீடு. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியோடுதான் போகிறேன்.

செய்தி: எல்லைக்கோடு எங்கே போட்டார்கள் என்று பாருங்கள்

செய்தியை ஒதுக்கிவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். மணி அடித்தால்தானே வெளியே வந்து பார்ப்போம். ஆனால் செய்தியோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம்.

2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில், 192 லேசர் கற்றைகளை மிளகு அளவுள்ள ஓர் எரிபொருள் குண்டை நோக்கிக் குவித்தார்கள். உள்ளே போன லேசர் ஆற்றல் 2.05 மெகாஜூல். அணுக்கரு இணைவில் வெளியே வந்தது 3.15 மெகாஜூல். டிசம்பர் 13-ல் அறிவிப்பு வந்தது. போட்டதைவிட அதிகம் எடுத்துவிட்டார்கள் என்று உலகமே பேசியது. அது உண்மைதான். ஒன்றரை மடங்குக்குச் சற்றே மேல். அறுபது ஆண்டுக் கனவு நிறைவேறிய நாள் அது, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆனால் அந்த 2.05 என்ற எண் எங்கே அளக்கப்பட்டது? குண்டைச் சுற்றியுள்ள சிறு உலோகக் கூட்டுக்குள் நுழையும் இடத்தில். அந்த லேசர்களை இயக்க மின்கம்பியிலிருந்து இழுக்கப்பட்டது சுமார் 300 மெகாஜூல். கணக்கின் எல்லைக்கோட்டைக் கூட்டைச் சுற்றிப் போட்டால் லாபம். கட்டடத்தைச் சுற்றிப் போட்டால், போட்டதில் நூற்றில் ஒரு பங்குதான் திரும்பி வந்திருக்கிறது. ஆய்வகம் இதை மறைக்கவில்லை, கேட்டவர்களுக்குச் சொன்னார்கள். தலைப்பில்தான் அதற்கு இடம் இல்லை. மின்நிலையம் எப்போது வரும் என்று கேட்பவருக்கு வேண்டியது இரண்டாவது கோடு. இயற்பியலாளருக்கு வேண்டியது முதல் கோடு.

இதன் முழு ஆய்வுக் கட்டுரை 2024 பிப்ரவரியில்தான் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் வந்தது. அறிவிப்புக்கும் கட்டுரைக்கும் நடுவே 14 மாதம். அவ்வளவு நாளும் வெளியில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் செய்திகளும் உரைகளும்தான். ஆக, செய்தி வந்ததும் முதலில் நான் கேட்பது: இதோடு கட்டுரை வந்திருக்கிறதா? ஈர்ப்பு அலைகள், அதாவது விண்வெளியே அதிர்ந்து பரவும் அலைகள், விஷயத்தில் அவற்றைத் தேடும் லைகோ குழு நடந்துகொண்ட விதம் நேர் எதிர். அலை வந்து மோதியது 2015 செப்டம்பர் 14. வெளியே சொன்னது 2016 பிப்ரவரி 11, மதிப்பாய்வு முடிந்த கட்டுரை வெளியான அதே நாளில். நடுவில் ஐந்து மாதம், யாராவது சோதனைக்காகப் பொய்ச் சமிக்ஞை செலுத்தினார்களா என்பது முதல் எல்லாவற்றையும் அலசினார்கள். தவிர, 3,000 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு கருவிகளும் ஏழு மில்லிநொடி வித்தியாசத்தில் ஒரே வடிவ அலையைப் பதிந்திருந்தன. அப்படிப்பட்ட செய்தியை அன்றைக்கே நம்பலாம். ஆனால் எல்லாச் செய்தியும் அப்படி வருவதில்லை.

செய்தியில் நுழைந்த தவறை யார் பிடிப்பார்கள்? பெரும்பாலும் யாரும் இல்லை. மறுப்பு வந்தாலும் அது முதல் பக்கத்துக்கு வராது. கே2-18பி பற்றிய இரண்டாம் சுற்று ஆய்வுகளை எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

முன்அச்சு: திறந்த முற்றம்

1991-ல் பால் ஜின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஒரு கணினியில் தொடங்கிய ஆர்கைவ் தளத்தில் இப்போது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. கட்டணம் கிடையாது. உயிரியலுக்கு 2013-ல் பயோஆர்கைவ் வந்தது. இங்கே ஏற்றப்படும் கட்டுரையை மேலோட்டமாகச் சரிபார்ப்பார்கள், அவ்வளவுதான். சரியா தவறா என்று யாரும் முத்திரை குத்துவதில்லை.

முத்திரை இல்லாததால் மதிப்பும் இல்லை என்று நினைப்பது தவறு. கிரிகோரி பெரல்மான், கணிதத்தில் நூற்றாண்டுப் பழைய புதிரான பாயிங்கரே ஊகத்தின் நிரூபணத்தை 2002 நவம்பரிலிருந்து அடுத்த ஆண்டுக்குள் மூன்று முன்அச்சுகளாக அங்கே ஏற்றினார். எந்த இதழுக்கும் அனுப்பவே இல்லை. கணிதவியலாளர்கள் வரிவரியாகப் படித்துச் சரி என்று ஏற்றார்கள்.

பெரிய ஆரவாரத்தோடு வந்து தோற்ற ஒன்றையும் பார்ப்போம். இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான். 2023 ஜூலை 22 அன்று தென் கொரியக் குழு ஒன்று இரண்டு முன்அச்சுகள் போட்டது. எல்கே-99 என்று பெயர் வைத்த ஒரு பொருள், செம்பு கலந்த ஈய அபடைட், சாதாரணக் காற்றழுத்தத்தில் சுமார் 127 டிகிரி செல்சியஸ் வரை மீக்கடத்தியாக, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருளாக, இருக்கிறது என்றார்கள். கூடவே ஒரு காணொளி: காந்தத்தின் மேல் ஒரு கரும் துண்டு, ஒரு முனை காந்தத்தைத் தொட்டபடி, மறுமுனை மேலே தூக்கி நிற்கிறது. செய்முறை கட்டுரையிலேயே இருந்தது, மூலப்பொருள்களும் எளிதில் கிடைப்பவை. அவ்வளவுதான், பல நாடுகளின் ஆய்வகங்களில் உலை மூட்டிவிட்டார்கள்.

கட்டுரையில் ஒரு வரைபடம் இருந்தது. சுமார் 104 டிகிரியில் மின்தடை திடுமென விழுகிறது. மீக்கடத்திக்கான சான்று என்று அதைக் காட்டியிருந்தார்கள். இல்லினாய் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரசாந்த் ஜெயினுக்கு அந்த 104 என்ற எண் ஏற்கெனவே பழக்கம். செம்பு சல்ஃபைடு ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாறும் வெப்பநிலை அது. எல்கே-99 தயாரிக்கும் வினையிலேயே செம்பு சல்ஃபைடு கழிவாக உண்டாகிறது. வரைபடத்தில் விழுந்தது மீக்கடத்தியின் தடை அல்ல, அந்தக் கழிவின் தடை. ஆகஸ்ட் நடுவில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கலப்பில்லாத எல்கே-99 படிகத்தை வளர்த்துப் பார்த்தார்கள். ஊதா நிறம், ஒளி ஊடுருவும், மின்சாரத்தைக் கடத்தவே கடத்தாது. மீக்கடத்தியாக இருக்க வேண்டியது கடத்தாப்பொருளாக நின்றது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, விஷயம் முடிந்தது. தவறு பல நூறு கண்கள் முன்னால், எல்லோரும் பார்க்கத் திருத்தப்பட்டது. வேதியியல் மாணவர் யாராவது அந்த மூன்று வாரம் முன்அச்சுகளைத் தொடர்ந்து படித்திருந்தால், ஒரு பருவத்துப் பாடம் கற்றிருப்பார்.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. இந்த முற்றம் வேலை செய்ய வேண்டுமானால் கூட்டம் வேண்டும். பரபரப்பான தலைப்புக்குக் கூட்டம் வரும். மற்றபடி, நாளுக்குப் பல நூறு என்று வந்து குவியும் முன்அச்சுகளில் பெரும்பாலானவற்றை ஆசிரியர்களைத் தவிர ஒரு கைப்பிடி பேர்தான் படிப்பார்கள். அங்கே தவறு அப்படியே படுத்துக் கிடக்கும். உங்களுக்கு அந்தத் துறையில் தவறு பிடிக்கும் அளவு பழக்கம் இல்லையென்றால், தனியாகக் கிடக்கும் முன்அச்சை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

இதழ்க் கட்டுரை: முத்திரை சொல்வதும் சொல்லாததும்

சக மதிப்பாய்வு என்றால் அந்தச் சோதனையை வேறொருவர் செய்துபார்த்துச் சரி என்று சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பொதுவாக இரண்டு மூன்று பேர், தங்கள் சொந்த வேலைக்கு நடுவில், எழுதியிருப்பதைப் படித்து, தர்க்கம் நிற்கிறதா, முறை பொருந்துகிறதா, முன்பு நடந்தவற்றைக் கணக்கில் எடுத்திருக்கிறார்களா என்று கேள்வி கேட்பார்கள். ஆய்வகத்துக்குப் போக மாட்டார்கள். மூலத்தரவை ஒவ்வொரு எண்ணாகப் பார்ப்பதும் அரிது. கட்டுரை இதனால் தெளிவாகும், கூற்று அடக்கமாகும், விட்டுப்போன சோதனை சேரும். இவை பெரிய நன்மைகள். ஆனால் மோசடியையோ கருவிக் கோளாறையோ பிடிக்கும் வலை அல்ல இது.

எல்கே-99 கதைக்குப் பக்கத்தில் இதை வையுங்கள். 2020 அக்டோபரில் நேச்சர் இதழில், மதிப்பாய்வு எல்லாம் முடிந்து, 15 டிகிரி செல்சியஸில் மீக்கடத்தி என்று ஓர் அமெரிக்கக் குழுவின் கட்டுரை வந்தது. காற்றழுத்தத்தைப் போல் சுமார் 26 லட்சம் மடங்கு அழுத்தம் கொடுத்து எடுத்த அளவீடு. அந்த அழுத்தத்தை எட்டும் வசதி உலகில் சில இடங்களில்தான் உண்டு, எனவே செய்துபார்த்தவர்கள் குறைவு. சந்தேகம் எழுந்தது காந்த அளவீட்டில், பின்புலச் சமிக்ஞையை எப்படிக் கழித்தார்கள் என்ற இடத்தில். விவாதம் நீண்டுகொண்டே போனது. நேச்சர் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது 2022 செப்டம்பரில். கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு. அதே குழுவின் இன்னொரு கட்டுரை 2023 மார்ச்சில் அதே இதழில் வந்து, நவம்பரில் அதுவும் திரும்பப் பெறப்பட்டது.

முத்திரை இல்லாத தவறு ஒரு மாதத்துக்குள் போனது. முத்திரை குத்திய தவறு இரண்டு ஆண்டு நின்றது. இதை வைத்து மதிப்பாய்வு வீண் என்று சொல்லிவிடக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் இருந்த உண்மையான வேறுபாடு, மற்றவர்களால் செய்துபார்க்க முடிந்ததா என்பதுதான். எல்கே-99 ஒரு சாதாரண உலையில் செய்யக்கூடியது. மற்றது அப்படியல்ல.

நேர்மையாக, அக்கறையோடு, சிறந்த ஆட்கள் செய்த வேலையிலும் தவறு இருக்கலாம் என்பதற்கு ஓப்பெரா சோதனையை நினைவுபடுத்த வேண்டும். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள செர்ன் துகள் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில் இருக்கும் கருவிக்கு 730 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோநொடி முன்னதாகக் கடந்ததாக 2011 செப்டம்பரில் முன்அச்சு போட்டார்கள். புள்ளியியல் உறுதி 6 சிக்மா. எங்களுக்கே புரியவில்லை, வந்து பாருங்கள் என்று அழைத்தார்கள். உலகத்து ஆய்வாளர்கள் எல்லாம் கட்டுரையை உருட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். 2012-ல் காரணம் தெரிந்தது: ஜிபிஎஸ் நேரச் சமிக்ஞையைக் கொண்டுவரும் ஒளியிழைக் கம்பி முழுதாகச் செருகப்படாமல் இருந்தது. அதைக் கட்டுரையைப் படித்து யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. யாராவது இறங்கிப்போய்க் கம்பியைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அதே மலைக்கடியில் இருந்த இக்காரஸ் என்ற வேறு கருவி, நியூட்ரினோக்கள் ஒளியின் வேகத்தை மீறவில்லை என்று தனியாக அளந்தும் காட்டியது.

6 சிக்மா என்ற எண் தற்செயலாக இது நேர்ந்திருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதைத்தான் சொல்கிறது. கம்பி தளர்ந்திருக்க வாய்ப்பு எவ்வளவு என்பதை அது சொல்லாது. எத்தனை தடவை அளந்தாலும் தளர்ந்த கம்பி அதே 60 நானோநொடியைத்தான் காட்டும். அதனால்தான் ஒரே கருவி, ஒரே குழு என்று நிற்கும் கட்டுரையை, இதழ் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், ஒற்றைக்காலில் நிற்பதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். டபிள்யூ போசான் என்ற அடிப்படைத் துகளின் நிறை எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் என்று அமெரிக்காவின் ஃபெர்மிலேப் ஆய்வகத்துச் சிடிஎஃப் குழு 2022-ல் சயன்ஸ் இதழில் எழுதியது. துகள் நிறையை அளக்கும் அலகில் 80,433.5 மெகா எலக்ட்ரான் வோல்ட், பிழை 9.4 மட்டும். கோட்பாடு சொல்வது சுமார் 80,357. துகள் இயற்பியலே ஆட்டம் கண்டுவிட்டது போலப் பேச்சு. 2024-ல் செர்னில் உள்ள சிஎம்எஸ் குழு கிட்டத்தட்ட அதே நுட்பத்தோடு அளந்து 80,360.2 என்றது. எது சரி என்று தீர்ப்பு சொல்வது என் வேலை இல்லை. ஆனால் முதல் கட்டுரையை மட்டும் படித்துப் புதிய இயற்பியல் பிறந்துவிட்டது என்று வகுப்பில் சொன்னவர் இப்போது திருத்திச் சொல்ல வேண்டியிருக்கும்.

உயிரியலில் நிலைமை இன்னும் கடினம். புற்றுநோய் உயிரியலில் பெயர்பெற்ற 53 கட்டுரைகளிலிருந்து 193 சோதனைகளைத் திரும்பச் செய்யத் திட்டமிட்ட ஒரு பெருமுயற்சியின் முடிவு 2021 டிசம்பரில் வந்தது. செய்ய முடிந்தவை 50 சோதனைகள்தான். மற்றவற்றுக்குப் போதிய விவரமோ பொருளோ கிடைக்கவில்லை. செய்தவற்றிலும் விளைவின் அளவு முதலில் சொன்னதைவிட நடுமதிப்பில் 85 சதவீதம் சிறியதாக இருந்தது. எல்லாம் நல்ல இதழ்களில் வந்த கட்டுரைகள். செல்லும் விலங்கும் உலோகத் துண்டு போல நடந்துகொள்வதில்லை, அதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் நோயாளிகளும் அவர்கள் குடும்பங்களும் நம்பிக்கையோடு இந்தத் தலைப்புகளைப் படிக்கிறார்கள் என்பதால் இந்த எண் என்னை வருத்துகிறது. உடல்நலம் சம்பந்தப்பட்ட ஒற்றைக் கட்டுரையை வைத்து யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டாம்.

இதழ்க் கட்டுரை படிக்கத் தீர்மானித்தால் சுருக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நேராக வரைபடங்களுக்குப் போங்கள். அச்சு பூஜ்யத்தில் தொடங்குகிறதா, பிழைக்கோடு (அளவு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று காட்டும் கோடு) எவ்வளவு நீளம், அது எதைக் குறிக்கிறது என்று கீழே எழுதியிருக்கிறார்களா, புள்ளிகள் எத்தனை. அப்புறம் முறை பற்றிய பகுதி. முன்னுரையையும் முடிவுரையையும் கடைசிக்கு வையுங்கள். ஆசிரியர்கள் தங்கள் ஆசையை எழுதும் இடங்கள் அவை. தரவைப் பொதுவில் வைத்திருக்கிறார்களா என்று ஒரு வரி இருக்கும், அதையும் பாருங்கள். கடைசியாக, கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று இதழின் பக்கத்திலேயே தேடுங்கள். 2023 என்ற ஓர் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க 10,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

தொகுப்புக் கட்டுரை: தாமதமும் நிதானமும்

என் வாக்கு இதற்குத்தான். காரணம் எளிது. ஒற்றைக் கட்டுரையில் தெரியாத முரண்பாடு பத்துக் கட்டுரையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். யார் எந்தக் கருவியில் அளந்தார்கள், எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இடிக்கிறது என்று நல்ல தொகுப்புக் கட்டுரை சொல்லும். புதிதாக ஒரு துறைக்குள் நுழைபவருக்குச் சொற்களும் பிடிபடும். பருவநிலை பற்றிய ஐநா அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாம் அறிக்கையின் முதல் பகுதி மட்டும் 14,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை எடுத்துப் பேசுகிறது. தனி மனிதர் யாரும் அத்தனையையும் படிக்க முடியாது.

குறை என்ன? பழையதாகிவிடும். எழுதியவரின் சாய்வு எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்பதில் ஒளிந்திருக்கும். அதைவிட முக்கியம், தொகுப்பும் மாறும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மியூவான் என்ற துகளின் காந்தத் தன்மையைக் கணிக்கும் கோட்பாட்டாளர்கள் 2020-ல் ஒன்றுகூடி ஒரு பெரிய தொகுப்பறிக்கை வெளியிட்டார்கள். 2021 ஏப்ரலில் ஃபெர்மிலேப் அளவீடு வந்தபோது அந்தக் கணிப்புக்கும் அளவீட்டுக்கும் 4.2 சிக்மா இடைவெளி. புதிய துகள் இருக்கிறது என்று எதிர்பார்ப்பு எகிறியது. அதே நாளில் வெளியான இன்னொரு கணக்கீடு, வெளியை வலைக்கட்டங்களாகப் பிரித்துக் கணினியில் வலைப்பின்னல் முறையில் செய்தது, அளவீட்டுக்குப் பக்கத்தில் நின்றது. அதை அப்போது கவனித்தவர்கள் குறைவு. 2025-ல் அதே கோட்பாட்டாளர் கூட்டமைப்பு தன் தொகுப்பைத் திருத்தி, வலைப்பின்னல் கணக்குகளின் அடிப்படையில் புதிய கணிப்பைத் தந்தது. இடைவெளி மறைந்துபோனது. அந்த ஜூனில் 100 கோடியில் 127 பங்கு நுட்பத்தோடு ஃபெர்மிலேப்பின் இறுதி அளவீடும் வந்தது. அளவீடு ஆடாமல் நின்றது, நகர்ந்தது கோட்பாடு.

2020 தொகுப்பை மட்டும் படித்தவர் ஏமாந்தாரா? என் பார்வையில் இல்லை. எந்தக் கணக்கு எந்தத் தரவை நம்பி நிற்கிறது, வலைப்பின்னல் முறை ஏன் அப்போது சேர்க்கப்படவில்லை என்று அந்த அறிக்கையே விவரித்திருந்தது. நெகிழும் இடம் எது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். செய்தி படித்தவருக்குத் தெரிந்திருக்காது.

இப்போது பலர் கட்டுரைகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்துச் சுருக்கச் சொல்கிறார்கள். மெட்டா நிறுவனம் அறிவியலுக்கென்றே 2022 நவம்பரில் வெளியிட்ட கேலக்டிகா என்ற அத்தகைய கருவி, இல்லாததை இருப்பது போல எழுதியதால் சில நாள்களிலேயே பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுக்கப்பட்டது. கருவிகள் அதன்பின் வளர்ந்திருக்கின்றன. கடினமான பத்தியை விளக்கச் சொல்லிக் கேட்பதற்கு நானும் பயன்படுத்துவேன். பிழைக்கோட்டை மட்டும் என் கண்ணால் பார்ப்பேன்.

பொறியியலுக்கு வேறு கணக்கு

பொறியாளராக ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தால் மேலே சொன்ன நான்கும் போதாது. பெரோவ்ஸ்கைட் என்ற படிக வகைப் பொருளால் செய்த சூரிய மின்கலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-ல் 3.8 சதவீதத்தில் தொடங்கிய செயல்திறன், சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட்டை அடுக்கிய இரட்டைக் கலத்தில் 2023-ல் 33.9, 2024-ல் 34.6 என்று ஏறியது. ஒற்றை அடுக்குக் கலத்தின் கோட்பாட்டு உச்சமே சுமார் 33.7 சதவீதம்தான் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய சாதனை என்று புரியும். இவையெல்லாம் சான்றளிக்கப்பட்ட அளவீடுகள், சந்தேகம் வேண்டாம்.

ஆனால் சாதனைக் கலத்தின் பரப்பு சுமார் ஒரு சதுர சென்டிமீட்டர், விரல் நகம் அளவு. 2024 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு பிவி நிறுவனம் வாடிக்கையாளருக்கு அனுப்பிய முதல் வணிகப் பலகைகளின் செயல்திறன் 24.5 சதவீதம். நகத்துக்கும் பலகைக்கும் நடுவே பத்துப் புள்ளி கரைந்திருக்கிறது. பரப்பு பெரிதானால் பூச்சு சீராக இருப்பதில்லை, கலங்களை இணைக்கும் இடங்களில் இழப்பு வருகிறது. இன்னொன்று ஆயுள். சிலிக்கான் பலகைக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருவது இன்று சாதாரணம். ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் பெரோவ்ஸ்கைட் தளர்ந்துபோகும் தன்மை உள்ளது. ஆகவே கட்டுரையில் சதவீதத்தைத் தேடாமல், எவ்வளவு பரப்பு, எத்தனை மணி நேரம், எந்த வெப்பநிலையில், எவ்வளவு ஈரப்பதத்தில், வெளிச்சம் தொடர்ச்சியாகவா விட்டுவிட்டா என்று தேட வேண்டும். அந்த எண்கள் கட்டுரையில் இல்லையென்றால், இன்றைக்கு அந்தப் பொருளை நம்பி வடிவமைப்பைத் தொடங்காதீர்கள். மின்கலங்கள், வினையூக்கிகள், புதிய கட்டுமானப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் இதே பார்வை பொருந்தும்.

சரி, நான் எப்படிப் பிரித்துக்கொள்கிறேன்

மூன்று மணி நேரம் இருந்தால் ஒன்றரை மணியைத் தொகுப்புக் கட்டுரைக்குக் கொடுத்துவிடுகிறேன், ஒரு துறை எடுத்தால் அதிலேயே சில மாதம் இருக்கிறேன். ஒரு மணி நேரம் ஒரே ஒரு இதழ்க் கட்டுரை, வரைபடம் வரைபடமாக. மிச்சம் அரை மணி முன்அச்சுகளின் தலைப்பும் சுருக்கமும். வானியல், இயற்பியல், கணிதம், கணினியியல் என்றால் இந்தப் பங்கைக் கூட்டலாம், அங்கே துறையே முன்அச்சில்தான் வாழ்கிறது. உயிரியல் என்றால் குறைத்துவிடுவேன். செய்திக்கென்று தனி நேரம் ஒதுக்குவதில்லை, அது தானாகவே வந்து சேர்கிறது.

இதில் நீங்கள் மாறுபடலாம். ஆராய்ச்சியில் சேரப்போகும் மாணவருக்கு முன்அச்சுதான் உணவு, தொகுப்பு மட்டும் படித்தால் இரண்டு ஆண்டு பின்தங்கிவிடுவார். பள்ளி ஆசிரியருக்கு நேர்மாறு: குழந்தைகளிடம் இன்று சொன்னது ஐந்து ஆண்டு கழித்தும் நிற்க வேண்டும்.

கே2-18பி விஷயத்தில் நான் இப்போது காத்திருக்கிறேன். ஜேம்ஸ் வெப் இன்னும் 16 முதல் 24 மணி நேரம் அந்தக் கோளைப் பார்த்தால் 5 சிக்மாவை எட்டலாம் என்று மதுசூதனன் குழுவே கணித்திருக்கிறது. அந்தத் தரவு வந்ததும் முதலில் தேடப்போவது அவர்கள் கட்டுரையை அல்ல. அதே தரவை வேறு நிரல் கொண்டு அலசிய இன்னொரு குழுவின் வரைபடத்தைத்தான், அதன் பிழைக்கோடுகளுக்கு நடுவே அந்த வாயுவின் மேடு அப்போதும் நிற்கிறதா என்று பார்க்க.